கொல்லையில் நின்று பருந்து எண்ணுவோம்

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறந்ததும் நாம் செய்யும் முதல் வேலை பெயர் கூப்பிடுவது. யார் வந்தார்கள், யார் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை என்று பார்க்கிறோம். ஏறக்குறைய அதே வாரங்களில் நம் பள்ளிக்கு மேலே உள்ள வானத்துக்கும் சிலர் வந்து சேர்கிறார்கள். கசகஸ்தான் புல்வெளியிலிருந்தும் மங்கோலியா, சைபீரியா பக்கமிருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் பருந்து இனப் பறவைகள் அவை. அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது இங்கேதான் இருக்கும். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் மார்ச், ஏப்ரலில் புறப்பட்டுவிடும். நம் பள்ளி நாட்காட்டியோடு இவ்வளவு பொருந்தி வருகிற வேறு விருந்தாளிகள் இல்லை. ஆனால் அவற்றுக்கு நம்மிடம் வருகைப் பதிவேடு இல்லை.

அப்படி ஒரு பதிவேட்டை வீட்டுக் கொல்லையிலிருந்தோ பள்ளி மைதானத்திலிருந்தோ எப்படித் தொடங்குவது, அதனால் என்ன பயன் என்று சொல்லவே இந்தக் கட்டுரை. தேவை ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பென்சில், நாளுக்கு 15 நிமிடம். இது எமிஸில் ஏற்ற வேண்டிய விவரம் இல்லை. ஆசிரிய நண்பர்கள் பயப்பட வேண்டாம்.

எண்ணாவிட்டால் என்ன நடக்கும்?

திருக்கழுக்குன்றம் நம் எல்லோருக்கும் தெரிந்த ஊர். மலைமேல் வேதகிரீஸ்வரர் கோயிலில் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு செல்வதைப் பார்க்கப் பல தலைமுறையாக மக்கள் படியேறினார்கள். அவை மஞ்சள் முகப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு இனத்தைச் சேர்ந்தவை. 1990களில் அவை வருவது நின்றுபோனது. எந்த ஆண்டில் நின்றது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஆண்டு சொல்கிறார்கள். ஒரே இடம், ஒரே நேரம், தினமும் பார்ப்பதற்கு நூற்றுக்கணக்கான கண்கள். ஒரு நல்ல கணக்கெடுப்புக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன. குறித்து வைக்க ஒரு நோட்டு மட்டும் இல்லை.

குறித்து வைத்த இடத்தில் என்ன ஆனது என்றும் பார்ப்போம். ராஜஸ்தானில் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களின் நடுவில் வெண்முதுகுப் பாறுக் கழுகின் கூடுகளை எண்ணியிருந்தார். நூற்றுக்கணக்கில் கூடுகள் இருந்தன. 1990களின் பின்பாதியில் அதே பூங்காவில் மறுபடி எண்ணியபோது அவற்றில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. மரக்கிளைகளில் செத்த கழுகுகள் தொங்கின. பழைய எண்ணிக்கை ஒன்று கையில் இருந்ததால்தான் 'குறைந்திருக்கிறது' என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதன்பின் 1990களின் தொடக்கத்தில் வாகனத்தில் சென்று எண்ணிய அதே சாலைகளில் மீண்டும் சென்று எண்ணினார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டன என்பது தெரிய வந்தது. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோபினாக் மருந்தே காரணம் என்று 2004இல் ஆய்வு வெளியானது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த இந்திய அரசு தடை விதித்தது.

அமெரிக்காவில் நடந்த கதை இன்னும் பழையது. பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகட்டின் வழியே இலையுதிர் காலத்தில் பருந்துகள் தெற்கே செல்லும். பொழுதுபோக்குக்காக ஆட்கள் அங்கே துப்பாக்கியோடு வந்து நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையையே குத்தகைக்கு எடுத்து, மோரிஸ் புரூன் என்பவரைக் காவலராக அமர்த்தினார். காவலுக்கு நின்றவர் சும்மா நிற்கவில்லை. கடந்து சென்ற பறவைகளை நாள்தோறும் எண்ணிக் குறித்தார். பிற்பாடு அந்த நோட்டுகளைப் புரட்டியபோது, வெண்தலைக் கழுகுகளில் இளம் பறவைகளின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வந்தது தெரிந்தது. பெரிய பறவைகள் வருகின்றன, குஞ்சுகள் வருவதில்லை. டிடிடி பூச்சிக்கொல்லியின் தீமையை விளக்கி 1962இல் 'மௌன வசந்தம்' நூலை எழுதிய ரேச்சல் கார்சனுக்கு இந்த எண்கள் சான்றாக உதவின. 1972இல் அமெரிக்காவில் டிடிடி தடை செய்யப்பட்டது. பூச்சிக்கொல்லியைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும் என்று எண்ணி யாரும் அங்கே பருந்து எண்ணத் தொடங்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். எதற்குப் பயன்படும் என்பது எண்ணும்போது தெரியாது.

நம் ஊர் வானத்தில் குளிர்காலத்தில் எத்தனை பூனைப்பருந்துகள் திரிகின்றன? விருத்தாசலத்திலோ திட்டக்குடியிலோ ஸ்ரீமுஷ்ணத்திலோ 10 ஆண்டுகளுக்கு முன் எத்தனை இருந்தன? சரணாலயங்களுக்கும் பெருநகரங்களுக்கும் பறவை பார்ப்போர் செல்கிறார்கள், அங்கே பதிவுகள் இருக்கின்றன. சிறு நகரமும் அதைச் சுற்றியுள்ள கரும்பு, நெல், மணிலா வயல்களும் வரைபடத்தில் வெற்றிடமாகவே கிடக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் பள்ளி இல்லாத சிற்றூர் அரிது. அதனால்தான் இது ஆசிரியர்கள் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்கிறேன்.

சூளைக்கு மேலே வட்டமிடுவது ஏன்?

பருந்துகள் எப்படிப் பயணம் செய்கின்றன என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. விருத்தாசலம் செராமிக் ஊர். தொழிற்பேட்டையில் சூளைகள் எரிகின்றன; பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டைகளும் வேகின்றன. சூளை வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குச் சூடான காற்று மேலே போகும் என்பதைப் பாடநூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புகைபோக்கிக்கு மேலே காற்று நெளிவதைத் தினமும் பார்க்கிறார்கள்.

வெயில் ஏறும்போது தரை எல்லா இடத்திலும் ஒரே அளவில் சூடாவதில்லை. தார்ச்சாலை, ஓட்டுக்கூரை, நெல் காயவைக்கும் களம், ரயில்வே ஜங்ஷனின் ஜல்லிப் பரப்பு இவையெல்லாம் வேகமாகச் சூடேறும். ஏரியும் தோப்பும் மெதுவாக. வேகமாகச் சூடேறிய இடத்துக்கு மேலே காற்று தூண் போல எழும்பும். அகன்ற இறக்கையுள்ள பருந்து அந்தத் தூணுக்குள் புகுந்து, இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தே உயரத்துக்குப் போய்விடும். உச்சிக்குப் போனதும் வட்டத்தை விட்டுவிட்டு, தான் போக வேண்டிய திசையில் நேராகச் சறுக்கிக்கொண்டே இறங்கும். அடுத்த வெப்பத்தூண் கிடைத்ததும் மறுபடி வட்டம். மாடிப்படியில் ஏறி, சறுக்குமரத்தில் இறங்கி, மீண்டும் படி ஏறுவது போன்றது. உடலில் உள்ள கொழுப்பை அதிகம் எரிக்காமல் கண்டம் விட்டுக் கண்டம் போக இது வழி. வெப்பச்சலனம் பாடம் நடத்தும்போது கொதிக்கும் தண்ணீரில் மரத்தூளைப் போட்டுக் காட்டுகிறோம் அல்லவா, ஒரு தெளிவான நாளில் பத்தரை மணிக்குப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனால் அதே பாடம் வானத்தில் நடந்துகொண்டிருக்கும்.

கடலுக்கு மேலே இந்த வெப்பத்தூண்கள் சரியாக எழும்புவதில்லை. அதனால் பெரிய பருந்துகளும் கழுகுகளும் முடிந்தவரை கடலைத் தவிர்த்து நிலத்தின் வழியே சுற்றிப் போகும். நிலம் குறுகலாக இருக்கும் இடங்களில் எல்லாம் கூட்டம் சேர்ந்துவிடும். மெக்சிகோவில் வேராகுரூஸ் பகுதியில் இலையுதிர் காலத்தில் பல லட்சம் இரைகொல்லிப் பறவைகள் ஆறு போல ஓடுகின்றன. கருங்கடல் ஓரத்தில் ஜார்ஜியா நாட்டின் பட்டுமி நகருக்கருகே 2008 முதல் தொண்டர்கள் எண்ணி வருகிறார்கள். ஒரு பருவத்தில் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. நேபாளத்தில் தூல்கர்கா என்ற மலைக் கிராமத்தில் நின்றால் இமயமலையை ஒட்டி மேற்கு நோக்கிப் போகும் புல்வெளிக் கழுகுகளை எண்ணலாம்.

கடலூர் மாவட்டம் அப்படிப்பட்ட குறுகல் வழி இல்லை. இங்கே ஆறு போலப் பருந்து ஓடாது. என் வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தால் பெரும்பாலான நாட்களில் இரு கை விரல்களுக்குள் கணக்கு முடிந்துவிடும். சில நாள் ஒன்றுமே இருக்காது. இதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. வீடியோக்களில் பார்க்கிற மாதிரி வானம் கறுத்துப்போகும் என்று எதிர்பார்த்து வந்தால் இரண்டாம் நாளே நோட்டை மூடிவிடுவார்கள்.

நம்மிடம் வருபவர்கள்

'பருந்து' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் கலந்திருக்கிறார்கள். மணிமுத்தாற்றங்கரையில் வெண்தலையும் செம்பழுப்பு உடலுமாகப் பறக்கும் செம்பருந்து, நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது, ஆண்டு முழுதும் இங்கேயே இருப்பது. குருவிகளைத் துரத்தும் சிறிய வல்லூறும் உள்ளூர்தான்.

இறைச்சிக்கடைப் பக்கம் சுற்றும் கள்ளப்பருந்தையும் உள்ளூர் என்றே நினைப்போம். ஆனால் டெல்லியில் காசிப்பூர் குப்பைமேட்டில் பிடித்துச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட சில கள்ளப்பருந்துகள் கோடையில் இமயமலைத் தொடரைக் கடந்து கசகஸ்தான், தெற்கு சைபீரியா, மங்கோலியா வரை சென்றன. ஒரு வழிக்கு 3,300 முதல் 4,800 கிலோமீட்டர். 2020இல் வெளியான இந்த ஆய்வு எனக்குப் பெரிய வியப்பைத் தந்தது. குப்பைமேட்டில் கோழிக்குடலுக்குச் சண்டை போடுகிற பறவைக்குள் இப்படி ஒரு பயணி இருக்கக்கூடும்.

வலசை வருபவர்களில் நம் பகுதிக்கு முக்கியமானவை பூனைப்பருந்துகள். வயலுக்கு மேலே ஆள் உயரத்தில், இறக்கைகளை ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சற்றே தூக்கிப் பிடித்தபடி, அப்படியும் இப்படியும் சாய்ந்து தாழப் பறப்பதைப் பார்த்தால் அது பூனைப்பருந்து. ஏரியோரத்திலும் நெல்வயலிலும் தெரிவது பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து. வறண்ட புல்வெளியை நாடுபவை வெளிர்நிறப் பூனைப்பருந்தும் மான்டேகு பூனைப்பருந்தும். வெட்டுக்கிளிகளை இவை நிறையத் தின்னும், விவசாயிக்கு வேண்டியவை. இரவில் மரத்தில் தங்காமல் புல்லுக்கு நடுவே தரையில் கூட்டமாகத் தங்கும் வழக்கம் இவற்றுக்கு உண்டு. அந்த வழக்கமே இவற்றுக்கு ஆபத்தாகவும் இருக்கிறது. புல்வெளியை நம் கணக்கில் 'தரிசு' என்று எழுதி வைத்திருக்கிறோம். தரிசு என்றால் எதற்காகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆந்திராவின் ரோல்லபாடு புல்வெளியில் 1980களில் சுமார் 1,000 பூனைப்பருந்துகள் இரவு தங்கின. 30 ஆண்டுகளில் அது நூறு அளவுக்கு இறங்கிவிட்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் திறந்தவெளியை நம்பி வாழும் இரைகொல்லிகள் குறைந்து வருவதாகவே சொல்கிறது. அந்த அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவிட்ட சுமார் 3 கோடி குறிப்புகளைக் கொண்டு எழுதப்பட்டது. அவர்களில் பலர் ஓய்வு நேரத்தில் பறவை பார்க்கும் நம்மைப் போன்றவர்கள்.

இவை தவிர, குளிர்காலத்தில் வயலுக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையைப் படபடவென்று அடித்து நிற்கும் செந்நிற வல்லூறு, பெரிய ஏரிகளில் மீனைக் காலால் பற்றித் தூக்கும் விராலடிப்பான், உயரமான செல்போன் கோபுரத்திலோ கோயில் கோபுரத்திலோ உட்கார்ந்து புறாவுக்குக் காத்திருக்கும் பொரி வல்லூறு ஆகியவையும் கண்ணில் படலாம். தேன்பருந்தைத் தலையை வைத்து அடையாளம் காணலாம். உடல் பெரிதாக இருக்கும், தலை மட்டும் புறாவின் தலை போலச் சிறிதாக நீட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பறவையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அமூர் வல்லூறு, ரஷ்யாவும் சீனாவும் சந்திக்கும் அமூர் ஆற்றுப் பகுதியில் குஞ்சு பொரித்து, தென் ஆப்பிரிக்கா வரை போவது. எடை சுமார் 150 கிராம்தான். 2012 அக்டோபரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே வலை கட்டி இவற்றை லட்சக்கணக்கில் பிடித்துக் கொன்றது நாடெங்கும் செய்தியானது. அடுத்த ஆண்டே பாங்தி உள்ளிட்ட அந்த ஊர் மக்கள் வேட்டையை நிறுத்திக்கொண்டார்கள். அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் இந்தப் பறவைக்கான சுற்றுச்சூழல் மன்றங்களில் சேர்ந்தார்கள். 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்கு 5 கிராம் எடையுள்ள கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டு விட்டார்கள். அவை தீபகற்ப இந்தியாவைக் குறுக்கே கடந்து அரபிக்கடலுக்கு மேலே பறந்து ஆப்பிரிக்காவை அடைந்தன. கடலில் வெப்பத்தூண் கிடையாது என்று மேலே சொன்னேன். இது கூர்மையான இறக்கை கொண்ட பறவை, இறக்கையடித்தே போகும். வடகிழக்கிலிருந்து வீசும் காற்றும் உதவுகிறது. அதே காற்றில் கடல் கடந்து செல்லும் தட்டான்களை வழியில் பிடித்துத் தின்னக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னே பள்ளி மைதானத்தில் கூட்டமாகப் பறக்கிற தட்டான்களைப் பிள்ளைகள் துரத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

எண்ணும் முறை

இடத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். வீட்டுக் கொல்லை, பள்ளி மைதானம் எதுவானாலும் சரி, வானம் பாதியாவது தெரிய வேண்டும். கைப்பிடிச் சுவர் உயரமில்லாத மொட்டை மாடிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், மைதானமே போதும். இடத்தை ஒருமுறை தேர்ந்தெடுத்தபின் மாற்றக் கூடாது. வேப்பமரத்தடியில் நின்று எண்ணியதையும் மைதான நடுவில் நின்று எண்ணியதையும் ஒப்பிட முடியாது.

நேரமும் அப்படியே. அதிகாலையில் பறவை நிறைய இருக்கும் என்பது குருவிகளுக்குப் பொருந்தும். பருந்துகளுக்கு வெயில் ஏற வேண்டும். காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை நல்ல நேரம். பள்ளி நாளில் அது முடியாவிட்டால் மதிய இடைவேளையில் சாப்பிட்டு முடித்தபின் 15 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் என்றாலும் போதும், ஆனால் அதே இரண்டு நாளாக, அதே 15 நிமிடமாக இருக்கட்டும். பருந்து தெரிந்ததும் ஓடிப்போய் எண்ணுவது கணக்கெடுப்பு ஆகாது. அப்படிச் செய்தால் பருந்து இருந்த நேரங்கள் மட்டுமே நோட்டில் ஏறும்.

புதியவர்களுக்கு வரும் பெரிய சிக்கல், ஒரே பருந்தைப் பலமுறை எண்ணிவிடுவது. வட்டமடிக்கும் கள்ளப்பருந்து பத்து முறை தலைக்கு மேலே வந்தால் பத்துப் பருந்து ஆகிவிடாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஊரிலேயே சுற்றும் பறவைகளுக்கு, அந்த 15 நிமிடத்தில் ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதை மட்டும் எழுத வேண்டும். முதலில் மூன்று, பிறகு ஐந்து, பிறகு இரண்டு தெரிந்தால் பதிவு ஐந்து; பத்து அல்ல. கடந்து செல்லும் பறவைகளுக்கு வேறு முறை. தண்ணீர்த் தொட்டிக்கும் எதிரே உள்ள செல்போன் கோபுரத்துக்கும் இடையே வானத்தில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை ஒரு திசையில் கடந்து திரும்பாமல் போன பறவையை மட்டும் எண்ணி, திசையையும் எழுதுங்கள். கூட்டமாக வட்டமடித்தால், வட்டத்தில் இருக்கும்போது எண்ண முயன்றால் தலைதான் சுற்றும். உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாகச் சறுக்கி வெளியேறும்போது எண்ணுவது எளிது. பட்டுமியிலும் வேராகுரூஸிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

வெளிநாடுகளில் இதற்கு விரலால் அழுத்தும் எண்ணிக் கருவி வைத்திருக்கிறார்கள். நமக்குப் புளியங்கொட்டை போதும். இடது பையிலிருந்து ஒவ்வொன்றாக வலது பைக்கு மாற்றினால், கண்ணை வானத்திலிருந்து எடுக்காமலே கணக்கு சேர்ந்துவிடும்.

இருநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: சூரியன் இருக்கும் பக்கம் இருநோக்கியைத் திருப்பக் கூடாது, வெறுங்கண்ணாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. சூரியன் முதுகுக்குப் பின்னே இருக்கும்படி நிற்க வேண்டும்.

பெயர் தெரியாத பறவையைப் பெயர் தெரியாததாகவே எழுதப் பழக்குங்கள். 'பெரிய பருந்து, இனம் தெரியவில்லை' என்ற பதிவு மதிப்புள்ளது. ஊகித்து எழுதிய பெயர் தொல்லை தரும். அடையாளத்துக்கு நிறத்தைவிட உருவம் உதவும். உயரத்தில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வால் கவையாக இருந்தால் கள்ளப்பருந்து, விசிறி போல வட்டமாக இருந்தால் செம்பருந்து. இறக்கை முனையில் விரல்கள் பிரிந்து தெரிந்து, உடல் காக்கையைவிட மிகப் பெரிதானால் கழுகு வகை. இறக்கை முனை அரிவாள் போலக் கூரானால் பொரி வல்லூறின் உறவு. குட்டை இறக்கை, நீண்ட வால், நாலைந்து அடி அடித்து ஒரு சறுக்கல் என்று போனால் வல்லூறு. காக்கையை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. அதோடு காக்கைதான் நமக்கு இலவசமாகக் கிடைத்த காவல்காரன். காக்கைகள் கூட்டமாகக் கரைந்தாலோ கரிச்சான் எதையாவது துரத்தினாலோ உடனே மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். வல்லூறு, வைரி, பைரி என்று ஒரே பறவைக்குப் பல பெயரும் பல பறவைக்கு ஒரே பெயரும் வழங்குகின்றன. பிள்ளைகளின் பாட்டி, தாத்தா என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வாருங்கள். கோழி வளர்த்த பாட்டிகளுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட அதிகம் தெரியும்.

வகுப்பறைக்குள்

தொடக்கப்பள்ளியில் இதற்குக் கணக்கு நேரம் பொருந்தும். நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஐந்தாவது கோடு போடும் நேர்க்கோட்டுக் குறிகளை நடத்தும்போது, புத்தகத்தில் உள்ள பழங்களை எண்ணுவதைவிடப் பறக்கும் ஒன்றை எண்ணுவது வேறு அனுபவம். பருந்தும் கோழிக்குஞ்சும் விளையாடத் தெரியாத பிள்ளை இல்லை. அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

நடுநிலை வகுப்புகளுக்குச் சராசரி, வீச்சு, பட்டை வரைபடம் எல்லாம் சொந்த எண்களிலிருந்தே கிடைக்கும். 15 நிமிடத்தில் 3 என்றால் மணிக்கு எத்தனை என்று கேட்கலாம். அப்படிப் பெருக்குவது எப்போது சரி, எப்போது தவறு என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் நல்ல விவாதம் நடக்கும். மேகமூட்டமான நாட்களையும் வெயில் நாட்களையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் வெப்பத்தூண் பாடம் தானாகவே எண்ணில் தெரிய வரும். அமூர் வல்லூறின் உடல் எடையில் அந்த 5 கிராம் கருவி எத்தனை சதவீதம்? 3 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். அதே கணக்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப்பை எத்தனை சதவீதம் என்று தராசில் நிறுத்துப் பார்த்தால் பருந்தின் நிலை எவ்வளவோ மேல். கருவி பொருத்தப்பட்ட அமூர் வல்லூறு ஒன்று சுமார் 5,600 கிலோமீட்டரை ஐந்தரை நாளில் கடந்திருக்கிறது. சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர் அளவு வரும். இரவு பகல் நிற்காமல் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணின் பொருள் புரியும்.

உயர்நிலை வகுப்பில் கோணம் அளக்கலாம். கையை நேராக நீட்டி மடக்கிய முட்டி ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரத்தில் பறவை தெரிந்தது என்று எழுதப் பழகினால், 'அதோ, மேலே, அங்கே' என்று கத்தாமல் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள முடியும். உணவுச்சங்கிலி, பூச்சிக்கொல்லி செறிவூட்டம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 எல்லாவற்றுக்கும் இங்கிருந்து வழி உண்டு. உண்டிவில் வைத்திருக்கும் பையனிடம் சட்டத்தைச் சொல்வதைவிட அவனிடம் நோட்டைக் கொடுப்பது பலன் தரும். அவனுக்குத்தான் பறவை எங்கே உட்காரும் என்று தெரிந்திருக்கும்.

பதிவுகளை நோட்டோடு நிறுத்தாமல் ஈபேர்டு தளத்தில் ஏற்றினால் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேரும். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைகள் கணக்கெடுப்பும் தொடங்குவதற்கு ஏற்ற நாட்கள். இரண்டிலும் 15 நிமிடம் எண்ணினால் போதும். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமோ பசுமைப்படையோ இதை எடுத்துக்கொள்ளலாம்.

பூஜ்யமும் இடமாறுதலும்

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டங்கள் போதும்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, பறவையும் எண்ணிக்கையும், எண்ணியவர் பெயர். எதுவும் தெரியாத நாளில் கட்டத்தைக் காலியாக விடாமல் '0' என்று எழுத வேண்டும். காலிக் கட்டம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பூஜ்யம் என்றால் பார்த்தோம், பறவை இல்லை என்று பொருள். வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' போடுவதும் பதிவே எடுக்காமல் விடுவதும் ஒன்றாகுமா? திருக்கழுக்குன்றத்தில் நமக்குக் கிடைக்காமல் போனது இந்தப் பூஜ்யம்தான். பிள்ளைகளுக்குப் பூஜ்யம் எழுத மனம் வராது, தோற்றுப்போனது போல நினைப்பார்கள். பூஜ்யத்தை யார் அதிகம் எழுதினார்கள் என்று கேட்டுக் கைதட்டச் சொன்னால் பழகிவிடும்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு பருவம். சேற்றுப் பூனைப்பருந்தை முதலில் பார்த்த தேதியையும் கடைசியாகப் பார்த்த தேதியையும் அட்டையின் உட்பக்கத்தில் தனியாக எழுதுங்கள். ஐந்தாறு ஆண்டுகள் சேர்ந்தால் அந்த இரண்டு தேதிகளே பேசத் தொடங்கும்.

ஐந்தாறு ஆண்டு என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது பணிமாறுதல் கலந்தாய்வு. அதனால் இந்த நோட்டு ஆசிரியரின் சொந்த நோட்டாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. முதல் பக்கத்தில் எங்கே நின்று எண்ண வேண்டும் என்று ஒரு சிறு வரைபடம், எந்த நாள், எந்த நேரம், எந்தக் கோடு என்று நான்கு வரி, பள்ளி முத்திரை, பிறகு இருப்புப் பதிவேடுகள் இருக்கும் அதே அலமாரியில் இடம். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக்கொத்தோடு புதிதாக வரும் ஆசிரியர் கையில் இதையும் கொடுத்துவிடலாம். அவர் தமிழாசிரியராக இருந்தாலும் உடற்கல்வி ஆசிரியராக இருந்தாலும் அடுத்த அக்டோபரில் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று மேலே பார்த்தால் போதும்.